கோழிக்கு முறை பார்க்கிறவர்

பல் தேய்க்கும் பிரஷ்ஷால் கோழியின் காலைத் தேய்த்துக்கொண்டிருக்கிறார். மடியில் பழைய துண்டு, துண்டின்மேல் பந்து மாதிரி ஒரு கோழி. அது கண்ணை மூடிக்கொண்டு சுகமாகக் கிடக்கிறது. சோப்புத் தண்ணீரில் பிரஷ்ஷைத் தோய்த்து, விரல் இடுக்கில் விட்டு, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. எதிர்ப்பக்கம் தேய்த்தால் இறகு முறிந்துவிடுமாம். "கொஞ்சம் பொறுத்துக்க தாயி, ஆச்சு ஆச்சு" என்கிறார். பல்லுக்கு அச்சு எடுக்க வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருப்பவர்களிடமும் இதே வார்த்தைதான், இதே குரல்தான்.

தொழில், பொய்ப்பல் செய்வது. அதனால் தெருவில் அவருக்குப் பெயரே பல்செட்டு. எனக்கு அவர் என் சித்தப்பாவுடைய தம்பி மகன், தம்பி முறை. முறையை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவரிடம் போய் நின்றால் அவரும் அதைத்தான் முதலில் கேட்பார். ஆளுக்கு மட்டுமல்ல, கோழிக்கும்.

முன்னறை பட்டறை. சுவர் முழுக்கப் பலகை, பலகை முழுக்கப் பாரிஸ் சாந்தில் வார்த்த தாடைகள். மேல்தாடை, கீழ்த்தாடை, பல் இருப்பது, இல்லாதது, எல்லாம் வாயைத் திறந்துகொண்டு நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். புதிதாய் வருகிறவர்கள் கொஞ்சம் திகைத்துத்தான் உட்காருவார்கள். பின்கதவைத் திறந்தால் முற்றம். அங்கே மரச்சட்டமும் வலையும் அடித்த கூடுகள், ஒவ்வொன்றிலும் உள்ளங்கையில் ஏந்தலாம் போன்ற கோழிகள். பேன்டம் கோழி என்பார்கள். பெரிய கோழியின் குஞ்சு என்று நினைத்துவிடக் கூடாது. வளர்ந்து, முட்டையிட்டு, பேரன் பேத்தி எடுத்தாலும் உருவம் அவ்வளவுதான்.

"பேன்டம்னா என்னப்பா அர்த்தம்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அது ஊர் பேரு அக்கா. ஜாவாத் தீவுல ஒரு துறைமுகம். கப்பல்காரன் அங்க கரையேறினான், சின்னக் கோழியா இருந்துச்சு, கப்பல்ல இடத்த அடைக்காதுன்னு வாங்கிப் போட்டுக்கிட்டான். எந்த ஊருன்னு கேட்டான், அதையே பேரா வெச்சுட்டான். அப்புறம் உலகத்துல எங்க சின்னக் கோழியப் பாத்தாலும் அதே பேரு. பொறந்த ஊரு சீனாவா இருக்கும், புகுந்த ஊரு இங்கிலாந்தா இருக்கும், பேரு மட்டும் ஜாவா. நம்ம வீட்டுப் பொண்ணுங்க கதைதான்."

அவர் இனம் என்று சொல்லமாட்டார். 'குடும்பம்' என்பார். மடியில் கால் கழுவிக்கொண்டிருந்தது பீக்கின் குடும்பம், சீனாக்காரி. உடம்பு முழுக்கப் புசுபுசுவென்று இறகு, காலிலும் இறகு, தரை கூட்டும் பாவாடை கட்டிய மாதிரி நடப்பாள். கோபம் என்பதே கிடையாது. பக்கத்துக் கூட்டில் ஜப்பான்காரிகள். கால் இருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும், அவ்வளவு குட்டை. வால் மட்டும் தலைக்கு மேலே விறைத்து நிற்கும். "கால்ல குறைஞ்சத வால்ல வாங்கிக்கிட்டாளுங்க" என்பார். மலேசியாவிலிருந்து வந்த செரமா ஒன்று உண்டு. இருக்கிற கோழியிலேயே அதுதான் சின்னது, தேநீர்க் குவளைக்குள் உட்காரும். ஆனால் நெஞ்சை முன்னே தள்ளி, தலையைப் பின்னே சாய்த்து நிற்கிற தோரணையைப் பார்த்தால் இந்தத் தெருவுக்கே பட்டா வாங்கி வைத்திருக்கிறது என்று தோன்றும்.

சில்க்கி என்பவள்தான் இந்த வீட்டின் வேலைக்காரி, தாதி, எல்லாம். இறகு இறகாகவே இருக்காது, பஞ்சு. தோல் கருப்பு, எலும்பும் கருப்பாம். மற்றக் கோழிகளுக்கு நாலு விரல், இவளுக்கு ஐந்து. அடைகாக்க வேண்டும் என்ற ஆசை இவளைப்போல வேறொன்றுக்கும் கிடையாது. முட்டை கிடைத்தால் முட்டை, இல்லாவிட்டால் உருளைக்கிழங்கு. ஒருமுறை கதவு திறந்திருந்த நேரம் பட்டறைக்குள் வந்து, ஒரு பெரியவருக்காகச் செய்து வைத்திருந்த கீழ்ப்பல் செட்டின்மேல் உட்கார்ந்துவிட்டாள். பெரியவர் வந்து காத்திருக்கிறார். கையை விட்டால் கொத்துகிறாள். கடைசியில் ஒரு கண்ணாடிக் குண்டைக் காட்டி, அவள் அதன்மேல் நகர்ந்ததும் பல்லை எடுத்து, கழுவித் துடைத்துக் கொடுத்தார். பெரியவர் போட்டுப் பார்த்துவிட்டு, "கதகதன்னு இருக்கேப்பா" என்றாராம். "புதுசுல்ல ஐயா" என்று இவர் சமாளித்திருக்கிறார்.

இதெல்லாம் பார்க்கிறவர்களுக்கு வேடிக்கை. அவருக்கு உயிர் இருப்பது கடைசிக் கூட்டில். செப்ரைட் என்று பெயர். இங்கிலாந்தில் எவரோ ஒரு பிரபு, வேறு வேலை இல்லாமல், ஆயுளில் பாதியைச் செலவழித்து உண்டாக்கிய குடும்பமாம். தங்க நிறத்தில் இறகு. ஒவ்வொரு இறகுக்கும் ஓரத்தில், மை தொட்டுக் கோடு இழுத்தது போல, கருப்புக் கரை. ஒரு இறகு தவறாமல் கரை. இதில் சேவலுக்கும் பெட்டைக்கும் ஒரே உடுப்பு. சேவலுக்கு என்று வளைந்த வால் இறகோ, கழுத்தில் தொங்கும் இறகோ கிடையாது. கொண்டையைப் பார்த்துத்தான் ஆணா பெண்ணா என்று சொல்ல முடியும். முட்டை குறைவு, குஞ்சு நோஞ்சான், தன் முட்டையில் தானே உட்காரவும் மாட்டாள். சில்க்கிதான் உட்கார வேண்டும். இவ்வளவு சிரமம் கொடுக்கிற குடும்பத்தின்மேல்தான் மனிதருக்குப் பாசம்.

"கட்டிக் குடுத்த வீட்ல எல்லாம் சௌக்கியமா இருக்கற பொண்ணப் பத்தியா கவலைப்படறோம்?" என்றார் நான் கேட்டபோது.

இப்போது முறைக்கு வருகிறேன். கோழி வளர்க்கிறவர்கள் நிறமும் உருவமும் நிற்க வேண்டும் என்று அப்பனுக்கு மகளை, அண்ணனுக்குத் தங்கையைச் சேர்த்துவிடுவது உலக வழக்கமாம். இவர் செய்யமாட்டார். இவர் கூட்டில் அத்தை மகனுக்கு மாமன் மகள்தான் ஜோடி. சித்தி பிள்ளைகள், பெரியப்பா பிள்ளைகள் என்றால் நடுவில் வலை. எந்தக் கோழியைக் காட்டினாலும் தாய், தாயின் தாய், அவள் கூடப்பிறந்தவர்கள் என்று மூச்சுவிடாமல் சொல்வார். "இவ அவளுக்கு நாத்தனார். பாருங்க, தீனித் தட்டுக்குக் கிட்ட விட மாட்டேங்கறா."

இது பைத்தியக்காரத்தனம் என்று அவரே ஒரு காலத்தில் சிரித்திருப்பார். மாற்றியது ஜப்பான்காரிகள். வளர்க்கத் தொடங்கிய புதிதில், இருப்பதிலேயே குட்டைக்கால் சேவலுக்கு அதன் தங்கையையே, அவளும் குட்டை, சேர்த்துவிட்டார். முட்டையில் சில பொரிக்கவில்லை. உடைத்துப் பார்த்தார். உள்ளே முழுதாய் உருவான குஞ்சு, அலகு, நகம் எல்லாம் இருந்து, உயிர் மட்டும் இல்லை. அன்றைக்கு யாருக்கும் பல் செய்யவில்லை என்று அவர் மனைவி சொன்னாள். குட்டைக்குக் குட்டை சேர்த்தால் அந்தக் குடும்பத்தில் சில முட்டை ஓட்டுக்குள்ளேயே போகும், அது கால் செய்கிற வேலை, உறவு செய்கிற வேலை இல்லை என்று பின்னால் விஷயம் தெரிந்தவர்கள் எடுத்துச் சொன்னார்கள். இவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். "இருக்கலாம். ஆனா உடைச்சுப் பாத்தது நானு" என்றார்.

அப்படிச் சொன்னவர்களில் ஒருவன் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி. லிஃப்ட் பழுதுபார்க்கிற மெக்கானிக். மாமாவுக்கு வலதுகை மாதிரி இருந்தவன்தான். இந்தக் கூடுகளுக்குக் கதவு வைத்து, தாழ்ப்பாள் போட்டதெல்லாம் அவன்தான். செப்ரைட் மேல் அவனுக்கும் ஆசை. மூத்தவள் என்ற பெட்டைக்குப் பிறந்தவை மூன்று. ஒரு சேவல், இரண்டு பெட்டை. அதில் சேவலையும் ஒரு பெட்டையையும் மச்சானுக்குக் கொடுத்தார். கொடுக்கும்போதே, "மாப்ள, இதுங்க கூடப்பிறந்ததுங்க. தனித்தனியா வெச்சுக்க. ஜோடி நான் பாத்துச் சொல்றேன்" என்று சொல்லியும் கொடுத்தார்.

மச்சான் தலையாட்டிவிட்டுப் போனான். போய் இரண்டையும் ஒரே கூட்டில் விட்டான். சில்க்கியும் இல்லாமல், பழைய லிஃப்ட் சாமான்களில் இருந்த வெப்பக்கருவியையும் பல்பையும் வைத்து ஒரு பொரிப்புப் பெட்டி செய்து, அதிலேயே குஞ்சு எடுத்தான். அதில் ஒரு சேவல் கண்காட்சியில் முதல் பரிசு வாங்கியது. விஷயம் ஒரு வீட்டு விசேஷத்தில், பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது தெரிந்தது. இவர் இலையைப் பார்த்துக்கொண்டே, "அண்ணன் தங்கச்சியவா சேத்த?" என்று கேட்டார். அவன் சிரித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "கோழிக்கு ஏது மாமா அண்ணன் தங்கச்சி? அடுத்து பத்திரிகை அடிக்கச் சொல்வீங்க போல" என்றான். பந்தியே சிரித்தது. பல்செட்டு எழுந்து கை கழுவிவிட்டு வந்துவிட்டார். அதோடு பேச்சு நின்றது. அவர் வாயில் அவன் 'உன் தம்பி' ஆனான். அவன் வாயில் இவர் 'உன் வீட்டுக்காரர்' ஆனார். நடுவில் நின்று அடி வாங்கியது அவர் மனைவி.

இந்தக் கோடையில் வந்தது சோதனை. செப்ரைட் கூட்டில் வெளியூரிலிருந்து பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த சேவல் ஒன்று இருந்தது. வெயில் தாங்காமல் போய்விட்டது. அதற்கு முன்பே மூத்தவளும் போய், வீட்டில் தங்கின மகளும் முட்டை உள்ளே தங்கிப் போய்ச் சேர்ந்தாள். மிஞ்சியது அந்த மகளின் மகள், கடைக்குட்டி. ஒரே ஒரு பெட்டை. முட்டையிடுகிற பருவம். இட்ட முட்டையை எல்லாம் பட்டறைப் பலகையில், சாந்துத் தாடைகளுக்கு நடுவில், ஒரு கிண்ணத்தில் சேர்த்துக்கொண்டே வந்தார். சேவல் இல்லாத வீட்டு முட்டை, அதில் என்ன வரப்போகிறது? மனைவி, "ஆம்லெட்டாவது போடவா?" என்று கேட்டால் முறைப்பார்.

தெரிந்த இடமெல்லாம் கேட்டுப் பார்த்தார். கிடைத்ததெல்லாம் வெள்ளி நிறச் சேவல். தங்கத்தோடு வெள்ளியைச் சேர்த்தால் இரண்டும் கெட்டு நிற்கும். தங்க நிறத்தில், கரை பிசகாத சேவல் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மச்சானிடம், பரிசு வாங்கிய அதே சேவல்; அதன் அப்பன் முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. அவனும் அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபோகிறான், கோழிகளை எல்லாம் கொடுத்துவிடப் போகிறான், அந்தச் சேவலை வெளியூர் ஆள் ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிப் போகிறார் என்று செய்தி வந்தது. அது போய்விட்டால் கடைக்குட்டியோடு அந்தக் குடும்பம் முடிந்தது.

நான் அந்த வாரம் போனபோது மனிதர் கூட்டின் முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தார். மனைவி பிரசவ ஆஸ்பத்திரியில் ஆயா. வேலை முடிந்து வந்த களைப்போடு வாசற்படியில் சாய்ந்து நின்றாள்.

"அண்ணி, நீங்களாவது சொல்லுங்க. என் தம்பிகிட்ட ஒரு வார்த்தை கேட்டா குடுத்துடுவான். கேட்டா இவர் வாயிலேருந்து முத்து உதிர்ந்துடுமாம்."

"கேக்கறதப் பத்தி இல்லடி. அது அண்ணன் முறை. அந்தச் சேவலோட அம்மாவும் கடைக்குட்டியோட அம்மாவும் அக்கா தங்கச்சி. பெரியம்மா பையனக் கொண்டாந்து கட்டி வெக்கச் சொல்றியா?"

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. உறவுக் கணக்கு என்றால் எனக்குப் பழக்கம்தான். எங்கள் சொந்தத்திலேயே ஒரு வழியில் பார்த்தால் மாமனும் இன்னொரு வழியில் பார்த்தால் அண்ணனுமாக இருப்பவர்கள் உண்டு. கல்யாணம் நடக்க வேண்டும் என்று பெரியவர்கள் நினைத்துவிட்டால் எந்த வழி வசதியோ அந்த வழியாகப் போய்ச் சேர்ந்துவிடுவார்கள்.

"தம்பி, அம்மா வழியிலயே ஏன் நிக்கற? அந்தச் சேவலோட அப்பன் யாரு?"

"மூத்தவளோட மகன்."

"கடைக்குட்டியோட அம்மா?"

"மூத்தவளோட மக."

"அப்போ அவன் கடைக்குட்டிக்குத் தாய்மாமன். தாய்மாமன் பிள்ளை அவளுக்கு யாரு?"

அவர் வாயைத் திறந்தார். பலகையில் இருந்த தாடை ஒன்று எழுந்து வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது.

"முறைமாப்பிள்ளை!" என்று மனைவி கையைத் தட்டினாள். "என் தம்பி செஞ்ச தப்புலயே வழியும் இருக்கு பாருங்க."

"இருந்தாலும் அம்மா வழியில..."

"என்ன அம்மா வழி? நான் தினம் பிரசவம் பாக்கறவ, என்கிட்டயா அம்மா கதை? அந்த முட்டையப் போட்டவ அதுமேல உக்காரவே இல்ல. உங்க சில்க்கியும் உக்காரல. அதப் பொரிச்சது பல்பு. வளத்ததும் பல்பு. அம்மான்னு சொன்னா பல்பத்தான் சொல்லணும். பல்புக்கும் உங்க கடைக்குட்டிக்கும் என்ன சொந்தம், சொல்லுங்க பாப்போம்."

அவர் சிரிக்கவில்லை. கூட்டின் வலையை விரலால் நெருடிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து, "சொல்லி அனுப்பு. ஆனா நான் கேட்டேன்னு சொல்லாத" என்றார்.

மனைவி என்ன சொல்லி அனுப்பினாளோ தெரியாது. ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் காலையிலேயே மச்சான் வந்துவிட்டான். கையில் அட்டைப்பெட்டி, பெட்டியில் காற்றுக்குத் துளைகள், துளையில் ஒரு மஞ்சள் கண். செருப்பை வெளியே வெயிலில் கழற்றிவிட்டு, படிக்குக் கீழேயே நின்றான். நின்ற நிலையைப் பார்த்தால் பெட்டியை வைத்துவிட்டு அப்படியே திரும்பிப் போக வந்தவன் மாதிரி இருந்தது. பல்செட்டு ஒரு பல்லை அரத்தால் ராவிக்கொண்டே இருந்தார். தலை நிமிரவில்லை. ராவுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மச்சான் தொண்டையைச் செருமினான். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்திருக்கோம். வாங்கன்னு ஒரு வார்த்தை உண்டா, இல்ல இப்படியே வெயில்ல நிக்கணுமா?"

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பல்செட்டுக்கு வரவில்லை. அரத்தை வைத்தார். கையைத் துடைத்தார். வந்து பெட்டியைத் திறந்து, இரண்டு கையாலும் சேவலை எடுத்து, வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். இறக்கையை விசிறி மாதிரி விரித்து ஒவ்வொரு இறகின் கரையையும் பார்த்தார். காலைப் பார்த்தார், கொண்டையின் பின்முனையைப் பார்த்தார், பல் நிறம் பார்க்கிற பூதக்கண்ணாடியை எடுத்து வாலையும் பார்த்தார். மச்சானின் கழுத்தில் வியர்வை இறங்கிக்கொண்டிருந்தது.

"வால்ல ஒரு இறகுல கரை கொஞ்சம் தடிப்பு" என்றார், சேவலிடம்.

"அது தெரியும்" என்றான் மச்சான், அவனும் சேவலிடம். "அதுக்குத்தான் ரெண்டாவது பரிசு குடுக்கப் பாத்தாங்க. அப்புறம் நெஞ்சப் பாத்துட்டு முதல் பரிசாக்கிட்டாங்க."

"நெஞ்சு நல்லாத்தான் இருக்கு."

சேவல் அவர் கைக்குள்ளிருந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தது. அவர் அதன் முகத்தைத் தன் முகத்துக்கு நேரே பிடித்தார்.

"அப்பன உரிச்சு வெச்சிருக்கு" என்றார்.

இந்தக் குடும்பத்தில் அப்பனுக்கும் அம்மாவுக்கும் ஒரே உடுப்பு. யார் சாயல் என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது. அது அவருக்குத் தெரியும், மச்சானுக்கும் தெரியும். மச்சான் படியில் ஒரு காலை வைத்தான்.

சேவலைக் கடைக்குட்டியின் கூட்டுக்குப் பக்கத்துக் கூட்டில் விட்டார். நடுவில் வலை. முதலில் ஒன்றையொன்று பார்த்துப் பழகட்டும், பிறகு திறக்கலாம் என்பது அவர் வழக்கம். கடைக்குட்டி வலையண்டை வந்து, கழுத்தைச் சாய்த்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஒன்றும் பிடிக்காதவள் போலத் தண்ணீர் குடிக்கப் போய்விட்டாள். "அக்கா குணம் அப்படியே இருக்கு" என்றான் மச்சான். உள்ளேயிருந்து அவன் அக்கா, "யாருக்குடா?" என்று குரல் கொடுத்தாள். அவன் முற்றத்தில் குந்தி உட்கார்ந்து, தளர்ந்திருந்த ஒரு தாழ்ப்பாளை ஆட்டிப் பார்த்து, பையிலிருந்து திருப்புளியை எடுத்தான்.

பல்செட்டு முன்பக்கம் வந்தார். பட்டறைக்குப் போகிறார் என்று நினைத்தேன். வாசற்படி இறங்கினார். வெயிலில் காய்ந்துகொண்டிருந்த மச்சானின் செருப்பைக் குனிந்து எடுத்தார். ஒன்றோடொன்று தட்டிப் புழுதியை உதிர்த்தார். பிறகு கொண்டுவந்து, கதவுக்கு உள்பக்கம், தன் செருப்புக்குப் பக்கத்தில், வீட்டைப் பார்த்த மாதிரி திருப்பி வைத்தார்.